பேத்தையோடு ஒரே தொட்டியில்

இன்று காலை பரணை ஒழித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஒரு முழ நீள இடுக்கியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "இது இன்னா மேடம், ஆஸ்பத்திரி சாமானா?" என்று கேட்டாள். மீனுக்குச் சாப்பாடு கொடுப்பது என்றேன். வயதானவர்களிடம் காட்ட வேண்டிய பொறுமையோடு தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறிவிட்டாள்.

நீ ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலையில் உனக்குச் சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளி விளக்கும் கொடுத்தார்கள். நீயாகக் கேட்டு வாங்கி வந்தது இரண்டே பொருள்கள்: ஆய்வுக்கூடத்து இடுக்கி ஒன்று, தோல் ஊறவைக்கும் உப்பு நீரின் திடம் பார்க்கும் கண்ணாடிக் குழல் ஒன்று. விளக்கை யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்தாய். குழல் எப்போதோ உடைந்தது. இடுக்கி இன்று அகப்பட்டது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. படத்துக்கு முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். எழுதுவது வேறு. எழுத்தில் அடித்துத் திருத்தலாம்.

கல்லூரி விடுதியில் அடுத்தடுத்த கட்டில்காரிகளாக இருந்த நாளிலிருந்தே நீ எனக்குக் 'கெமிஸ்ட்ரி', நான் உனக்கு 'ஜுவாலஜி'. பிறகு நான் வேலூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தேன். நீ ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தைக் கவனித்தாய். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு நீ ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னாய். நான் யாருக்கும் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உனக்கு ஓய்வு வந்தது, கம்பெனிக் குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. குடியாத்தத்தில் உன் தம்பி மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தான். ஆம்பூரில் என் அப்பா கட்டிய வீட்டில் நான் ஒருத்தி, மூன்று படுக்கையறைகள். இங்கே வந்துவிடேன் என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. சொன்னபோதுகூட, "அந்த ரூம் சும்மாதான் கெடக்குது" என்றுதான் சொன்னேன்.

நீ உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஆறு மாசம் பாப்போம், ஜுவாலஜி. உன் வாய்க்கும் என் பிடிவாதத்துக்கும் ஒத்துக்கலைன்னா தம்பி வீட்டுக்குப் போய்ட்றேன். யாரும் யாரையும் கோச்சுக்கக் கூடாது. இன்னொண்ணு, என் தொட்டியும் வரும்."

தொட்டி வந்தது. நாலடி நீளம், இரும்புத் தாங்கி, அடியில் உடைத்த கிளிஞ்சல். கடல் மீன் தொட்டி. கடலிலிருந்து நூறு மைலுக்கு மேல் உள்ளே இருக்கும் ஊரில், அதுவும் பாலாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் ஓடாத ஊரில், கடல் மீன் வளர்க்கும் பெண்பிள்ளை நீ ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாய். அதற்கு நீ கண்டுபிடித்த வழியை இப்போது நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஷூ ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் லாரி திரும்பும்போது காலியாகத்தான் வரும். லாரி ஓட்டும் பாஷா பாயிடம் இரண்டு பெரிய கேன்களைக் கொடுத்தனுப்புவாய். கரைத் தண்ணீர் அழுக்கு, உள்ளே போய் வரும் படகுக்காரர்களிடம் சொல்லி ஆழத்துத் தண்ணீர் எடுத்து வர வேண்டும் என்பது உன் உத்தரவு. ஒவ்வொரு முறையும் கேனை இறக்கி வைத்துவிட்டு அவர் சொல்வது ஒன்றே. "இன்னா மேடம், கொஞ்சம் கொஞ்சமா கடலையே ஆம்பூருக்குக் கொண்டாந்துடுவீங்க போலக்குதே."

அப்போது அந்தத் தொட்டியில் இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன், செத்த சங்குக்குள் குடியிருக்கும் ஒரு துறவி நண்டு. அந்த வீட்டில் ஆரவாரமில்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள் நால்வர்தான்.

இரண்டாம் மாதத்தில் பாஷா பாய் கேனோடு ஒரு பிளாஸ்டிக் வாளியையும் இறக்கினார். உள்ளே என் உள்ளங்கை அளவுக்கு, மஞ்சளும் சாம்பலுமாய் ஒரு மீன். முகம் முழுக்கக் கண். "பேத்தைம்மா," என்றார். "வலையில வந்துச்சுன்னு தூக்கிக் கடாசிட்டாங்க. தின்னா ஆள் குளோஸாம். மேடத்துக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேன்."

"விஷம்னு தெரிஞ்சே கொண்டாந்திருக்கீங்களே, பாய்," என்றேன் நான்.

"நாம திங்கப் போறதில்லியே, டீச்சரம்மா."

நீ குனிந்து பார்த்தாய். அது மேலே வந்து, ஒரு கண்ணால் உன்னையும் மறு கண்ணால் என்னையும் ஒரே சமயத்தில் பார்த்தது. பிறகு உன் முகத்தில் துப்பியது. அந்த நிமிஷமே நீ அதைத் தொட்டியில் விட முடிவு செய்துவிட்டாய் என்பது எனக்குப் புரிந்தது.

அன்று நான் உனக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். பேத்தைக்கு நான்கு பற்கள், அவை ஒட்டிக்கொண்டு கிளி மூக்குபோல் ஆகியிருக்கும்; நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு உடைக்கப் படைக்கப்பட்ட வாய் அது; அதற்கு மற்ற மீன்களின் வால் தின்பண்டம்; கூட வாழப் பிறந்த ஜாதியில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடிக்கிற வாயி இருக்கறதுனாலயே கூட இருக்கக் கூடாதுன்னா, உன்னோட எப்டிடி இருக்கறது?" என்றாய். "பாரு. இதுங்க ஒண்ணா இருந்துச்சுன்னா நாமளும் இருந்துடலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாய். நான்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் அந்தத் தொட்டியை நான் பார்த்த விதமே வேறு.

முதல் நாளே துறவி நண்டு போயிற்று. சங்கை மட்டும் பேத்தை மிச்சம் வைத்தது. முதல் வாரத்திலேயே ஒரு கோமாளி மீனின் வாலில் பிறை நிலா அளவுக்கு ஒரு துண்டு காணவில்லை. "சொன்னேனா இல்லியா?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை அந்த மாதத்தில் எத்தனை முறை கேட்டேனோ. நீ வழிதான் தேடினாய். தொட்டியின் நடுவில் கற்களை அடுக்கி, சின்ன மீன் மட்டும் நுழையக்கூடிய சந்துகளை விட்டாய். அதன் பிறகு உணவுமுறை. காலையில் முதல் பந்தி பேத்தைக்கு. இடது மூலையில் இடுக்கியால் நத்தையோ நண்டுக் காலோ ஓட்டோடு கொடுப்பாய். ஓடு இல்லாமல் கொடுத்தால் பல் தேயாமல் வளர்ந்து வாயையே மூடிவிடும் என்று நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டாய். அது கடக் கடக்கென்று உடைத்துத் தின்று, வயிறு உருண்டு, மூலையில் போய்ப் படுத்த பிறகுதான் வலது மூலையில் மற்றவற்றுக்குத் தூவுவாய். "வயிறு ரொம்பினவன் அடுத்தவன் வாலப் பாக்க மாட்டான்" என்பாய். நத்தைக்காக ஏரிக்கரைப் பெண் ஒருத்தி வாரம் இருமுறை நம் வாசலுக்கு வந்தாள். சர்ச்சுக்குப் போகும் வேதக்கார டீச்சர் வீட்டில் நத்தை சாப்பிடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு. அதைத் திருத்த நீ மறுத்துவிட்டாய்.

வால் மறுபடி வளர்ந்தது. பேத்தை அதைத் தொடவில்லை. மூன்று மாதம், நாலு மாதம், தொடவில்லை. எனக்கு ஆச்சரியமாயிருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. நான் வாழ்க்கை முழுதும் கற்பித்த கடல் மீன்கள் ஃபார்மலினில் கிடந்தவை. அவை யாரையும் ஏமாற்றியதில்லை.

கரண்டு போனால் காற்றுக் குமிழி நின்றுவிடும். நாம் இருவரும் ஆளுக்கொரு மக்கை எடுத்துக்கொண்டு தொட்டி நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவோம். எதிர் வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மீனைக் குளிப்பாட்டுகிறோமா என்று கேட்டாள். அந்த மாதங்களில்தான், சாயங்காலம் வாசல் கேட்டைத் திறக்கும் ஓசை கேட்டால் நீ நடை முடித்து வந்துவிட்டாய் என்று காது தானாக அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியது. நீ இருந்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் வரவில்லை. நாக்கு எனக்கு மற்ற எல்லாவற்றுக்கும் புரண்டது.

ஐந்தாம் மாத முடிவில் உன் தம்பி மகளுக்குக் கல்யாணம். எட்டு நாள் குடியாத்தம். புறப்படும்போது சமையலறை மூலையில் ஒரு நீலக் கேனில் தண்ணீர் நிரப்பி வைத்தாய். சுவரில் ஒரு சீட்டும் ஒட்டினாய்: தொட்டியில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் தினமும் நீலக் கேனிலிருந்து ஊற்று. வேறு எதுவும் வேண்டாம்.

நான் ஏன் அதைச் செய்யவில்லை என்பது இந்த ஊரில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் புரியும். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் இரண்டு. டிராக்டரில் வரும் நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. கொல்லையில் போர் போட்டு மோட்டாரில் இறைக்கும் உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை பூத்து நிற்கும். நல்ல தண்ணீரை வேறு காரியத்துக்குத் தொட்டால் என் அம்மாவுக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். அந்த வாரம் பார்த்து டிராக்டர் வரவில்லை. குடிக்கிற தண்ணீர் குடத்தின் அடிக்கு வந்துவிட்டது. மூலையில் நீலக் கேன் நிறைய நல்ல தண்ணீர், அதை மீன் தொட்டியில் கொட்டவேண்டுமாம். இருப்பதோ கடல் மீன். கொல்லையில் திருகினால் உப்புத் தண்ணீர் கொட்டுகிறது. நீ படித்த படிப்புக்கு இவ்வளவு ஊதாரித்தனமா என்று நினைத்தேன். ஒரு செம்பு போர் தண்ணீரை ஊற்றிவிட்டு உன் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்தேன். அளவு மாறவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. ஐந்து நாள் அப்படியே ஊற்றினேன்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்றோ, உப்பின் கனத்தைத் தவிர வேறெதையும் அந்தக் குழல் சொல்லாது என்றோ யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வேகவேகமாக வாயைத் திறந்து மூடின. நீல மீன் கற்களுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. பேத்தை கறுத்துப்போய் மூலையில் கிடந்தது. நத்தையைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு கோமாளி செத்து மிதந்தது. நான் வலையை எடுத்து வருவதற்குள் பேத்தை எழுந்து வந்து அதன் வாலையும் வயிற்றோரத்தையும் கடித்துவிட்டிருந்தது.

எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தேன். செவுளை மூடிக்கொண்டு வழவழவென்று ஒரு படலம். கடித்த இடங்களில் ரத்தம் இல்லை. உயிருள்ள மீனைக் கடித்தால் அப்படி இருக்காது. இதைப் படிக்க எனக்கு விளக்கு வேண்டியதில்லை. மீனைக் கொன்றது தண்ணீர். தண்ணீரை ஊற்றியவள் நான். உடனே நீ சேமித்து வைத்திருந்த கடல் தண்ணீர்க் கேன்கள் இரண்டையும் திறந்து, பாதித் தொட்டியை மாற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் நீல மீன் சரியாயிற்று. மிஞ்சிய கோமாளியும் நிதானப்பட்டது. பேத்தை இடுக்கியின் நுனியைப் பிடித்து இழுத்தது.

அதோடு நின்றிருந்தால் அது வெறும் முட்டாள்தனம். நான் செத்த மீனை ஃபார்மலின் புட்டியில் போட்டு, கடித்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்தேன்.

நீ வந்தாய். கல்யாணப் பையைக் கீழே வைக்காமல் நேராகத் தொட்டியிடம் போனாய். "ஒண்ணு எங்கடி?"

நான் புட்டியைக் காட்டினேன். "ஆரம்பத்துலயே சொன்னேன். உன் பேத்தையோட வேலை."

புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாய். "ம்" என்றாய். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாய். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக அங்கே நின்றாய். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இட்லி சாப்பிடும்போது, வெகு சாதாரணமாகப் பேச்சை எடுத்தாய். "நீ சொன்னதுதான் சரி, ஜுவாலஜி. ஒத்துக்காததுங்கள ஒரே தொட்டியில போட்டுட்டு, ஒத்துக்கும் ஒத்துக்கும்னு நான்தான் பிடிவாதம் புடிச்சேன். சனிக்கெழம பாய் லாரி போவுது. பேத்தையக் குடுத்துக் கடல்லயே உட்டுடச் சொல்லிட்றேன். அதே வண்டியில என் பொட்டிங்களும் போவட்டும். குடியாத்தம் திரும்பற எடத்துல தம்பி வந்து வாங்கிப்பான்."

"உன் பொட்டி எதுக்கு?"

"ஆறு மாசத்துக்கு இன்னும் மூணு வாரம்தானே இருக்குது. பேச்சு பேச்சுதான்."

"உன் இஷ்டம்," என்றேன்.

அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு மூன்று நாள். நீ புத்தகங்களைக் கட்டினாய். உன் அறையிலிருந்து செய்தித்தாள் கிழியும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து எதையோ படித்தேன். என்னவென்று கேட்டால் சொல்ல முடியாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவர்கள் சொன்ன ஒரே பொய் அவர்களைவிடப் பெரியதாகி நடுவீட்டில் நின்றுகொள்கிறது. ஊரில் எல்லோர் குற்றத்தையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். மாணவிகள் அழுதிருக்கிறார்கள், ஒரு முதல்வர் என்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார். என் குற்றத்தைச் சொல்ல வேண்டிய கட்டத்தில், 'சொல்லி என்ன ஆகப்போகிறது, அவள் போக முடிவு செய்துவிட்டாள்' என்று எனக்கு நானே தர்க்கம் பேசிக்கொண்டேன். தர்க்கம் நன்றாகத்தான் இருந்தது. சோறுதான் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. பெட்டிகள் வாசலில். நீ ஒரு வாளியில் தொட்டி நீரை நிரப்பி வைத்துவிட்டு, வலையை எடுத்தாய். பேத்தை உன்னைக் கண்டதும் சாப்பாடு என்று நினைத்து இடது மூலைக்கு ஓடி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு வலை என்றால் என்னவென்று தெரியாது.

"கெமிஸ்ட்ரி, அதப் புடிக்காத."

"ஏன்? லாரி வந்துடும்."

"அது கொல்லல. செத்த பெறகுதான் கடிச்சிது. நான்தான்... போர் தண்ணிய ஊத்தினேன். அஞ்சு நாள்."

நீ வலையைத் தொட்டியின் மூடிமேல் வைத்தாய். "அஞ்சு நாளா? நான் நாலுன்னு கணக்குப் போட்டேன்."

உன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். "தெரியுமா உனக்கு?"

"நீலக் கேனு நான் வச்ச எடத்துல, நான் வச்ச அளவுலயே நிக்குது. தொட்டியில தண்ணி கோட்டுல நிக்குது. நடுவுல எந்தத் தண்ணி வந்துச்சுன்னு கண்டுபுடிக்க எம்.எஸ்ஸி. வேணுமா? வந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டி கேக்கல?"

"கேட்டா ஒத்துப்ப. கேக்காம சொல்றியான்னு பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"போயிருப்பேன்." நீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாய். "மீனுக்காக இல்ல. கடிக்கிற ஆளோட இருந்துடலாம். கடிச்சதும் தெரியும், வலியும் போய்டும். தப்பு பண்ணிட்டு அடுத்தவ மேல போட்டுட்டுக் கம்முனு இருக்கற ஆளோட எப்டி இருக்கறது? அதுக்குத் தம்பி பொண்டாட்டி போதுமே."

நான் அழவில்லை. நீ எல்லோரிடமும் நான் அழுதேன் என்று சொல்லி வந்தாய், அது உண்மையல்ல. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"இப்போ?" என்று கேட்டேன்.

"இப்போ இன்னா? நீதான் சொல்லணும். உன் இஷ்டம், உன் இஷ்டம்னு மூணு நாளா என் இஷ்டத்தையே சொல்லிட்டிருக்க. உன் இஷ்டம் இன்னா?"

சின்ன சொல்தான். இரண்டே எழுத்து. வாயில் கொண்டுவர எனக்கு அறுபது வருஷம் ஆயிற்று. "இரு," என்றேன்.

"ரூம் சும்மா கெடக்குதுன்னா?"

"இல்ல. எனக்கு வேணும். இரு."

வாளி நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றினாய். ஊற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாய். "அந்தப் போர் தண்ணியில உப்பு மட்டுமாடி இருக்குது? முப்பது வருஷம் நாங்கல்லாம் தோல ஊறவச்சுக் கழுவி உட்டது எங்க போச்சுன்னு நெனச்ச? அந்த மீனு சாவுல பாதி என்னுது. முழுசையும் நீயே எடுத்துக்காத."

வெளியே ஹாரன். பாஷா பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், மீனு ரெடியா?"

"வர்ல, பாய்."

"அப்ப பொட்டிங்க?"

"அதுவும் வர்ல."

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மூடிமேல் கிடந்த வலையைப் பார்த்தார். "நல்லாப் போச்சு. இந்த ரெண்டு பேரோட ஒரே பேஜாரு," என்று மீனிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, "காலி கேனயாவது குடுங்க" என்றார்.

அன்று மத்தியானம் நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். ஒரு பாரம் இறங்கினால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு லேசாக இல்லை, நன்றாகப் பசித்தது. இன்றைக்கும் நிம்மதி என்றால் எனக்கு வயிற்றில்தான் தெரிகிறது.

நீ பதினோரு வருஷம் இருந்தாய். பேத்தை அதில் ஆறு வருஷம் இருந்தது. மிஞ்சிய கோமாளியும் நீல மீனும் அதனோடு ஒரே தொட்டியில் வாழ்ந்து, அவற்றில் எதுவும் பேத்தையின் வாயால் சாகவில்லை. அதற்கு நான் சாட்சி. சில மாதங்களுக்கு ஒருமுறை யாருடைய வாலிலாவது ஒரு துண்டு குறையும். நீ கற்களை மாற்றி அடுக்குவாய். வளர்ந்துவிடும். நாமும் அப்படித்தான் இருந்தோம். நான் கடித்தேன், நீ இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாய், பிறகு யாராவது காப்பி போட்டோம். மணவாழ்க்கைகளையே இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு காரியம் மட்டும் மாறிற்று. யாரும் விதி போடவில்லை, தானாக வந்தது. தப்பு செய்தவள் அடுத்த சாப்பாட்டுக்குள் சொல்லிவிட வேண்டும். நீ என் பழைய கிளாஸ் நோட்டுகளை எடைக்குப் போட்டதை ரசம் ஊற்றும்போது சொன்னாய். உன் தம்பி போன் செய்ததை நான் மறந்துபோனதை மோருக்கு முன்னால் சொன்னேன். சில நாள் நம் சாப்பாடு பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் மாதிரி இருந்தது. ஊறுகாய் இல்லாமலே இறங்கியது.

கடைசி வாரம் வேலூரில் ஆஸ்பத்திரி. உனக்குப் பேச மூச்சு போதவில்லை, ஆனாலும் பேசினாய். ஒரு மத்தியானம் நர்ஸ் போன பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாய்.

"ஜுவாலஜி. எதாச்சும் சொல்லாம வச்சிருக்கியா?"

நான் நன்றாக யோசித்தேன். அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. "உன் பச்சை மைசூர் சில்க்கு. இஸ்திரி போட்டு எரிச்சது டோபி இல்ல. நான்."

"அது தெரியும். வேற?"

மறுபடி யோசித்தேன். எங்கே துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. "வேற இல்ல."

"எனக்கும் இல்ல," என்றாய். "அப்ப போய்ச் சாப்டு. மூஞ்சியப் பாரு."

கீழே கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டேன். முழுச் சாப்பாடு, அப்பளத்தோடு. அப்படிப்பட்ட நேரத்தில் சாப்பாடு இறங்காது என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள்.

நீ போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது பெரும்பாலும் ஒன்றேதான். கடைசியாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, இதைச் சொல்லியிருக்கலாமே, அதைக் கேட்டிருக்கலாமே என்று அவரவர் வீட்டில் போனவர்களைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்காக வருத்தமாக இருந்தது. எனக்கு அந்த வியாதி இல்லை.

நீ இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது; அதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு வராது. தனியாகச் சாப்பிடுகிறேன். போன மாதம் வேலைக்காரப் பெண்ணைச் செய்யாத தப்புக்குத் திட்டிவிட்டேன். தப்பு அவளுடையதல்ல என்று தெரிவதற்குள் அவள் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில், மூன்றாவது தெருவுக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்துதான் தட்டின்முன் உட்கார்ந்தேன். அவள் பயந்துபோனாள். போகட்டும்.

எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன். நீ இருந்த நாளைப் பற்றி இதில் உனக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை.